நாடியில் படியும் கல்லும் மகனீசிய உப்பும்

வன்னி நாட்டு வீடுகளில் எந்த அடுக்களையுட் புகுந்து பார்த்தாலும் ஒரு கேத்தில் இருக்கும். கிணற்று நீர் கொதித்துக் கொதித்து அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெண்படலம் படிந்திருக்கும். பழப்புளி இட்டுத் தேய்த்துக் கழுவுவதும், சில வாரங்களில் அது மீண்டும் படிவதும் எமது தாய்மாருக்குப் பழகிப்போன செய்திகள். அந்த வெண்படலத்தை முன்னிட்டு எம்மிடம் ஒரு கேள்வி வந்தது. அதற்கு விடை தேடியபொழுது நாம் அறிந்துகொண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுபோக அறுவடை முடிந்த ஒரு மாலைப்பொழுதில், முன்னர் எம்மிடம் இரசாயனவியல் பயின்ற மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் எமது இல்லம் வந்தாள். தந்தையார் பாவற்குளத்து நீரில் வயல் விளைவிப்பவர். ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவராயினும் முகம் வெளிறி, நடை தளர்ந்திருந்தது. சில ஆண்டுகளாகச் சிறுநீரக நோய்க்காகக் கிளினிக்குக்குச் சென்று வருபவர். சிறுநீரகங்கள் தம் தொழிலில் ஐந்திலொரு பங்கையே செய்கின்றன என்று வைத்தியர் கூறியிருந்தார். மாணவியின் கையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, காலில் அடிபட்டபோது எடுத்த எக்ஸ்கதிர்ப் படம். மற்றது, கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய மகனீசிய மாத்திரைப் போத்தல்.

படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினாள். எலும்புகளுக்கு அருகே, இரயில் தண்டவாளம் போன்று இரண்டு மெல்லிய வெண்கோடுகள் ஓடின. “இது எலும்பில்லை, நாடிச் சுவரிலே கல்சியம் படிந்திருக்கிறது என்று சொன்னார்கள், சேர். மகனீசியம் இந்தப் படிவைக் கரைக்கும் என்று சித்தப்பா ஒரு காணொளியில் பார்த்தாராம். அப்பாவுக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டாள்.

தந்தையார் இடைமறித்தார். “மாஸ்ரர், கேத்திலிலை படியிறதுதானே எனக்குள்ளையும் படிஞ்சிருக்கு? கேத்திலைப் புளி போட்டுக் கழுவலாம். என்னை எதைப் போட்டுக் கழுவிறது?”

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். மகள் சிரிக்கவில்லை.

கேத்தில் வேறு, நாடி வேறு

முதலில் தந்தையாரின் ஐயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. கேத்திலில் படிவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. நீரில் கரைந்திருந்த உப்பு, கொதிக்கும்போது வெளிப்பட்டுப் படிகின்றது. அதிற் புளியின் அமிலம் பட்டதும் கரைந்துவிடும். நாடிச் சுவரில் படிவதோ கல்சியம் பொசுபேற்று. எமது எலும்பும் பல்லும் எப்பொருளால் ஆனவையோ, ஏறத்தாழ அதே பொருள். அது குடித்த நீரிலிருந்து நேரே இறங்கிய வண்டல் அன்று. எலுமிச்சஞ் சாற்றாலோ புளிக் கரைசலாலோ அதைக் கரைக்கவும் இயலாது.

அப்படியாயின் அது எங்கிருந்து வருகின்றது? எமது சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்வடிகள் உள்ளன. இவ்விரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் திரவத்தை வடித்து, வேண்டியதை மீள உறிஞ்சி, வேண்டாததைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. உணவிலிருந்து வரும் பொசுபேற்றின் மிகுதியை வெளியேற்றுவதும் இவற்றின் கடமையே. இவை தளர்ந்தபோது பொசுபேற்று குருதியில் தேங்குகின்றது. தேங்கிய பொசுபேற்று கல்சியத்துடன் கூடி நுண்துகள்களாகின்றது. குருதியிலுள்ள சில புரதங்கள் இத்துகள்களைப் போர்வைபோற் பொதிந்து, தீங்கு செய்யாதவாறு காக்கின்றன. ஆனால் பொசுபேற்று மிகும்போது அப்போர்வை போதாமற் போகின்றது. துகள்கள் கூரிய பளிங்குகளாக மாறுகின்றன.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நாடியின் நடுச்சுவரில் மழமழப்பான தசைக் கலங்கள் இருக்கின்றன. சுருங்கி விரிவதே அவற்றின் தொழில். பொசுபேற்று மிகுந்த குருதியில் நெடுநாள் இருக்கும்போது இக்கலங்கள் தம் இயல்பை மறந்து, எலும்பை ஆக்கும் கலங்களைப் போன்று நடக்கத் தலைப்படுகின்றன. நாடியின் நடுச்சுவரில் நிகழும் இத்தகைய படிவை ஜேர்மனிய நோயியலறிஞர் மொங்கெபர்க் 1903 ஆம் ஆண்டிலேயே விவரித்தார். ஆயினும் அது வெறும் படிவன்று, உயிருள்ள கலங்களின் செயலும் அதிற் கலந்துள்ளது என்பது பிற்காலத்து ஆராய்ச்சியாலேயே தெளிவாயிற்று.

நாடி இறப்பர்க் குழாய்போல் நெகிழ வேண்டும். அது மட்குழாய்போல் விறைத்தால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த வலுவுடன் தள்ள வேண்டியிருக்கும். குருதி அமுக்கம் உயரும். இதயத் தசை தடிக்கும். நாட்பட்ட சிறுநீரக நோயாளரிற் பலர் சிறுநீரகச் செயலிழப்பால் இறப்பதன் முன்னரே இதய நோயால் இறக்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மாணவி சிரிக்காதிருந்ததன் பொருளும் இதுவே. அவள் இதை எங்கோ படித்திருந்தாள்.

மகனீசியம் செய்யும் காவல்

இனி மகனீசியத்துக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மகனீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பிலும், எஞ்சியதிற் பெரும்பகுதி தசையிலும் பிற மென்மையான இழையங்களிலும் இருக்கின்றது. குருதித் திரவத்தில் இருப்பது நூறில் ஒரு பங்கினும் குறைவே. மகனீசியம் இன்றேல் முந்நூறுக்கு மேற்பட்ட நொதியங்களின் தொழில் தடைப்படும். இலைகளுக்குப் பசுமை தரும் பச்சையத்தின் மூலக்கூற்று நடுவில் வீற்றிருப்பதும் மகனீசியமே. ஆகவே கீரை கடைந்த சட்டியிலும், எள்ளுருண்டையிலும், உழுத்தங்களியிலும், குரக்கன் பிட்டிலும், தவிடு நீக்காத அரிசியிலும் நாம் இதனை நாள்தோறும் உண்டு வருகின்றோம்.

கல்சியமும் மகனீசியமும் இரசாயனக் குடும்பத்தில் அண்ணன் தம்பி போன்றவை. இரண்டுக்கும் ஏற்றம் ஒன்றே. உருவம் மட்டும் வேறு. மகனீசிய அயன் சிறியது. நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்வது. செங்கற் சுவர் எழுப்பும்போது அளவு மாறிய ஒரு கல் இடையிற் புகுந்தால் வரிசை குலைவதை நாம் கண்டிருக்கின்றோம். கல்சியம் பொசுபேற்றுப் பளிங்கு வளரும்போது மகனீசியம் செய்வதும் அதுவே. நுண்துகள்கள் கூரிய பளிங்காக மாறுவதை அது தாமதிக்கச் செய்கின்றது. நாடித் தசைக் கலம் எலும்புக் கலமாக வேடம் மாறுவதையும் அது தடுக்கின்றது என்பதை ஆய்வுகூடங்களிற் கண்டிருக்கின்றனர்.

ஜப்பான் தேசத்தில் குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் 142,555 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்டனர். குருதியில் மகனீசியம் குறைந்தவர்களிடையே சாவு மிகுதியாக இருந்தது. அளவு சற்று உயர்ந்திருந்தோர் நலமாயிருந்தனர். எனினும் மிக உயர்ந்தோரிடையே சாவு மீண்டும் மிகுந்தது. குறைவும் தீது, மிகையும் தீது என்ற உண்மை இத்துணைப் பெருந்தொகையான மக்களிடம் துலங்கிற்று. திருவள்ளுவர் நோய்க்கும் மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தபோது, இக்கருத்தையே அதன் முதற்குறளில் வைத்தமை எமது மாணவர்கள் அறிந்ததே.

இரண்டு சோதனைகள்

இவ்விடத்தில் மாணவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மகனீசியம் குறைந்தவர்கள் நோயுற்றனர் என்பதால் மகனீசியம் கொடுத்தால் நோய் தீரும் என்று முடிவுகட்டல் ஆகாது. குடையுடன் செல்வோர் மிகுந்த நாளில் மழை பெய்கின்றது. அதனாற் குடை விரித்தால் மழை வருமோ? இதனை அறிய ஒரே வழி, நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறாருக்குக் கொடுத்தும் மறு கூறாருக்குக் கொடாதும் பார்ப்பதே.

அத்தகைய சோதனை ஒன்றின் முடிபை ஜப்பானின் ஒசாக்காப் பல்கலைக்கழகத்தார் 2019 இல் வெளியிட்டனர். குருதிச் சுத்திகரிப்பு நிலையை எட்டாத சிறுநீரக நோயாளருக்கு இரண்டு ஆண்டுகள் மகனீசியம் ஒட்சைட்டுக் கொடுத்தனர். இதயத்துக்குக் குருதி வழங்கும் நாடிகளிற் கல்சியப் படிவு, மகனீசியம் உண்டவர்களிடம் ஏறத்தாழ 11 வீதமும், உண்ணாதவர்களிடம் ஏறத்தாழ 40 வீதமும் கூடியிருந்தது. உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. சித்தப்பா பார்த்த காணொளியும் இந்நம்பிக்கையின் வழி வந்ததாகலாம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. டென்மார்க்கிலும் நோர்வேயிலும் 148 நோயாளரைக் கொண்டு நடந்த மற்றொரு சோதனையின் முடிபு 2023 இல் வெளிவந்தது. அங்கே ஒரு கூறாருக்கு மகனீசியம் ஐதரொட்சைட்டும், மறு கூறாருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் ஓராண்டு கொடுத்தனர். மருந்து உண்டவர்களின் குருதியில் மகனீசியம் உயர்ந்தது உண்மை. ஆயினும் நாடிப் படிவு சிறிதும் தாமதப்படவில்லை.

ஒரு சோதனை ஆம் என்றது. மற்றொன்று இல்லை என்றது. இதற்காக விஞ்ஞானத்தைப் பழிப்பது பேதைமை. தன் கூற்றைத் தானே மீண்டும் சோதிக்கத் துணிவதே விஞ்ஞானத்தின் பெருமை. ஆயினும் ஒன்று தெளிவு: படிந்துவிட்ட கல்லை மகனீசியம் கரைத்தது என்று இவ்விரண்டு சோதனைகளுள் எதுவும் கூறவில்லை. முதலாவது சோதனையிற்கூடப் படிவு வளர்வது தாமதித்ததேயன்றிக் குறையவில்லை. “கரைக்கும்” என்ற சொல் காணொளிக்காரர் சேர்த்துக்கொண்டது.

கிணற்று நீரின் கதை

“அப்படியெண்டால் என்ரை கிணறு குற்றவாளி இல்லையோ?” என்று தந்தையார் கேட்டார். நாடிப் படிவுக்கு அது நேரடிக் குற்றவாளி அன்று. ஆனால் சிறுநீரகம் கெட்டதற்கு அதன்மீது ஐயம் உண்டு என்றோம்.

1990 களில் அநுராதபுர மாவட்டத்து மதவாச்சி, பதவியா முதலிய ஊர்களில், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாத விவசாயிகள் பலர் சிறுநீரகம் பழுதுற்று வைத்தியசாலையை நாடினர். நெடுநாள் எந்த அறிகுறியும் காட்டாமல் முற்றிய பின்னரே வெளிப்படும் இந்நோய்க்குக் “காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்” என்று பெயரிட்டனர். அம்மாவட்டத்தை அடுத்த வவுனியாவும், முல்லைத்தீவின் தென்புறமும் இதற்கு விலக்காகவில்லை. உலக சுகாதார நிறுவனமும் எமது நாட்டு அரசும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 2013 இல் வெளிவந்தது. சோதித்த பகுதிகளில் வளர்ந்தோருள் ஏறத்தாழ 15 வீதத்தினரிடம் இந்நோய் காணப்பட்டது. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் எல்சல்வடோர், நிக்கரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் உழைப்பாளரை வாட்டுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். வவுனியாவின் அடித்தளமோ தொன்மையான பளிங்குருப் பாறை; புவிச்சரிதவியலாளர் அதற்கு “வன்னித் தொகுதி” என்று எமது நாட்டின் பெயரையே சூட்டியுள்ளனர். அப்பாறையிலுள்ள கருநிறக் கனிமங்களில் மகனீசியமும் புளோரைட்டும் உண்டு. மழை குன்றி வெயில் மிகுந்த நிலத்தில் நீர் பாறையிடுக்குகளில் நெடுநாள் தங்கி இவற்றைக் கரைத்துக்கொள்கின்றது. கல்சியமும் மகனீசியமும் தரும் வன்மையும் புளோரைட்டும் ஒருங்கு சேர்ந்த நீரே சிறுநீரக நுண்குழாய்களைத் தாக்குகின்றது என்று பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் சி. பி. திசாநாயக்கவும் ரொஹான சந்திரஜித்தும் நெடுங்காலமாக எழுதி வந்துள்ளனர். வெயிலில் நீரின்றி உழைத்தல், பூச்சிகொல்லிகள், பாரமான உலோகங்கள் ஆகியவற்றைக் கூறுவோரும் உளர். முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை.

ஆகவே ஒரு விந்தையான நிலையைக் காண்கின்றோம். கிணற்றில் புளோரைட்டுடன் கூடிய மகனீசியத்தின்மீது சிறுநீரகத்தைக் கெடுக்கும் துணைவன் என்ற ஐயம். குருதியில் அதே மகனீசியத்துக்கு நாடியைக் காக்கும் தோழன் என்ற பெயர். எனவே “மகனீசியம் நல்லதா, கெட்டதா?” என்று கேட்பதிற் பயனில்லை. “எங்கே, எவ்வளவு, எவருடைய உடலில்?” என்று கேட்டலே அறிவுடைமை.

போத்தல் திறக்கப்படவில்லை

சிறுநீரகம் நலமாயுள்ளவர் சற்று மிகுதியாக மகனீசியம் உட்கொண்டால், மிகை சிறுநீருடன் வெளியேறிவிடும். வயிற்றோட்டத்துடன் தப்பிக்கொள்வர். ஐந்திலொரு பங்கு தொழில் செய்யும் சிறுநீரகத்துக்கு அவ்வாற்றல் இல்லை. குருதியில் மகனீசியம் தேங்கினால் குமட்டல், தசைத் தளர்ச்சி, தூக்கக் கலக்கம் தோன்றும். மேலும் ஏறினால் குருதி அமுக்கம் வீழ்ந்து, இதயத் துடிப்பு மந்தித்து, மூச்சே தடைப்படலாம். காவல் எவருக்கு மிகவும் வேண்டுமோ, அவருக்கே காவலன் மிகுந்தால் ஆபத்து.

நாம் மாணவியிடம் கூறியது இவ்வளவே: “போத்தலைத் திறக்க வேண்டாம், பிள்ளை. அதை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டு. குருதியில் மகனீசியம் எவ்வளவு என்று பார்க்க முடியுமா என்று கேள். அப்பா வேறென்ன மருந்து வாங்கி உண்கிறார் என்பதையும் ஒன்று விடாமற் சொல்லு.”

இரண்டு வாரம் கழித்து அவள் தனியே வந்தாள். தந்தையாரின் குருதியில் மகனீசியம் குறைவாக இல்லை. உயர் எல்லையையும் சற்றுக் கடந்திருந்தது. வைத்தியர் துருவிக் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. நெஞ்செரிவுக்கும் மலச்சிக்கலுக்குமாக அவர் பல மாதங்களாகக் கடையில் வெள்ளைப் பால்மருந்து வாங்கிக் குடித்து வந்திருக்கின்றார். அது மகனீசியம் ஐதரொட்சைட்டு என்பது அவருக்குத் தெரியாது. வீட்டாருக்கோ அவர் குடித்ததே தெரியாது. வைத்தியர் அதை நிறுத்தி வேறு மருந்து எழுதினார். மாத்திரை போத்தலுடனேயே இருக்கட்டும் என்றார். உணவிற் பொசுபேற்றைக் குறைப்பதே முதல் வேலை என்று கூறினார்.

அன்று அப்போத்தல் திறக்கப்பட்டு, நாளொன்றுக்கு இரண்டு மாத்திரையாகப் பால்மருந்துடன் சேர்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவளும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. அனுப்பியவரோ அன்பினால் அனுப்பியவர். அவருக்கு நன்றி கூறி, விவரத்தை விளக்கிக் கடிதம் எழுதுமாறு கூறினோம்.

வீட்டார் கவனத்துக்கு

இவ்வரலாற்றிலிருந்து எமது குடும்பங்கள் கொள்ளத்தக்க சில செய்திகளைக் கூறி முடிப்போம்.

நோயற்றவர்கள் மகனீசியத்தை மாத்திரையிற் தேட வேண்டியதில்லை. ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராமும் பெண்ணுக்கு 300 மில்லிகிராமுக்குச் சற்று மேலும் போதும். பயறு, உழுந்து, எள்ளு, குரக்கன், கீரை, தவிட்டரிசி ஆகியன அதைத் தரும். ஆர்.ஓ. நிலையத்து நீரைக் குடிப்போர், அந்நீரிற் புளோரைட்டுடன் மகனீசியமும் பெரிதும் நீங்கிவிடுகின்றது என்பதை அறிந்து, இவ்வுணவுகளைக் கைவிடாதிருத்தல் வேண்டும்.

சிறுநீரக நோயுற்றவர்களுக்கு இவ்விதி பொருந்தாது. கீரையிலும் இளநீரிலும் உள்ள பொற்றாசியம் அவர்களிற் சிலருக்குத் தீங்கு செய்யும். எதை எவ்வளவு உண்பது என்பதை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும். எனினும் கறுப்புநிற மென்பானம், தகரத்தில் அடைத்த இறைச்சி, பொதி செய்த உடன் உணவுகள் முதலியவற்றைக் குறைத்தல் பெரும்பாலும் எல்லோர்க்கும் நன்று. இவற்றிற் பதப்படுத்துவதற்காகச் சேர்க்கப்படும் பொசுபேற்று, பருப்பிலும் தானியத்திலும் உள்ளதினும் மிக எளிதாகக் குருதியிற் சேர்கின்றது.

பேதியுப்பு, வெள்ளைப் பால்மருந்து, வெளிநாட்டுச் சத்து மாத்திரை, நோவுக்குக் கடையில் வாங்கும் குளிசை ஆகிய யாவும் மருந்துகளே. கிளினிக்குக்குச் செல்லும்போது அவற்றை ஒரு பையிலிட்டுக் கொண்டுசென்று காட்டுங்கள். நெஞ்செரிவுக்கு நெடுநாள் உண்ணும் ஒமிப்ரசோல் போன்ற சில குளிசைகள், இதற்கு மாறாகக் குருதியில் மகனீசியத்தைக் குறைக்கவும் கூடும்.

வயலிலும் சேனையிலும் உழைப்போர் நல்ல நீரை உடன் எடுத்துச் செல்லுங்கள். உச்சி வெயிலில் சற்று நிழலில் அமருங்கள். நோவு இல்லையே என்று இராது, ஆண்டுக்கொரு முறை குருதியையும் சிறுநீரையும் சோதிப்பியுங்கள். இந்நோய் வலியுடன் வந்து கதவைத் தட்டுவதில்லை.

மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் வகுப்பறையிற் கற்கும் அயனும் பளிங்கும் பரீட்சைத் தாளுக்கு மட்டும் உரியன அல்ல. வீட்டிற் பெரியோர் ஒரு போத்தலைத் திறக்கும்போது, அதன்மேல் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லவும் அவை உதவுதல் வேண்டும். எமது மாணவி அன்று கேட்காமலே கொடுத்திருக்கலாம். கேட்டாள், தந்தையார் இந்தக் காலபோகத்திலும் வரம்பில் நின்று விதைப்பைப் பார்த்தார்.